ஃபுளூரைடு இல்லை என்று பெருமையடிக்கும் நானோ பேஸ்ட்: வாங்கலாமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் கூச்சத்துக்கு இந்த நானோ ஹைட்ராக்சிஅபடைட் (பல்லிலும் எலும்பிலும் இருக்கும் கனிம வகையின் மிக நுண்ணிய பொடி) பேஸ்ட் வேலை செய்கிறது. பல்லில் ஊறிப்போன காவிக்கறையை எடுக்காது. சொத்தையைத் தடுக்குமா என்றால் ஓரளவு நம்பலாம், ஆனால் அதே வேலையை அறுபது எழுபது ரூபாய் ஃபுளூரைடு பேஸ்ட் பல வருட ஆதாரத்தோடு செய்துகொண்டிருக்கிறது. 50 கிராம் டியூபுக்கு நானூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க மனசு வருமா என்பது உங்கள் பாடு.

பிராண்ட் பேரைப் போடவில்லை. ஆன்லைனில் இந்த வகையில் கிடைக்கும் பேஸ்ட்டுகளின் லேபிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, டப்பாவில் இருக்கும் வசனமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "பல்லின் சொந்தக் கனிமம், நச்சு ஃபுளூரைடு இல்லை, எனாமலை மீட்டெடுக்கும்." அதனால் இதை ஒரு பேஸ்ட்டின் விமர்சனமாகவும் படிக்கலாம், அந்த வகை முழுவதற்குமான விமர்சனமாகவும் படிக்கலாம்.

நான் பாலக்கோடு பக்கம். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஃபுளூரைடு பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை, ஊரில் நாற்பது வயது தாண்டியவர்கள் சிரித்தாலே தெரிந்துவிடும். போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு முன்பற்களில் குறுக்காக மஞ்சளும் பழுப்பும் கோடு போட்டிருக்கும். ஒகேனக்கல் திட்டத்துக்கே "கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம்" என்றுதான் பெயர் (ஃபுளூரோசிஸ் என்பது ஃபுளூரைடு மிகுந்து பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பு), ஜப்பான் கடனில் கட்டி 2013-இல் தண்ணீர் விட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் "ஃபுளூரைடு இல்லாத பேஸ்ட்" என்று எழுதி வைத்தால் கை தானாகப் போகும். கடைக்காரர்களுக்கும் அது தெரியும். எங்கள் டவுன் மெடிக்கல் ஒன்றில் இதைக் கவுன்ட்டருக்கு நேர் மேலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சரி, வாயில் போட்டால் எப்படி இருக்கிறது? பேஸ்ட் சுத்த வெள்ளை, கொஞ்சம் இறுகலாக வருகிறது, குளிர்காலக் காலையில் டியூபை அழுத்தவே வேண்டியிருக்கிறது. நுரை குறைவு, முதல் சில நாள் பல் விளக்கிய திருப்தியே வராது. நாம் எல்லாம் நுரையைப் பார்த்துத்தான் சுத்தம் என்று நம்பிப் பழகியவர்கள், ஆனால் நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. புதினா வாசனை மெல்லிசாக, இனிப்பு கொஞ்சம் தூக்கலாக. கொப்பளித்துத் துப்பினால் வாஷ்பேசினில் ஒரு வெள்ளைப் படிவு தங்கும், தண்ணீர் விட்டாலும் உடனே போகாது, விரலால் தேய்த்துவிட வேண்டும். வீட்டில் இதற்குத் தனியாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கூச்சம் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மேல் வரிசையில் இடது பக்கம் கோரைப்பல்லை ஒட்டி ஈறு இறங்கி வேர்ப்பகுதி கொஞ்சம் தெரிகிறது, மோர் குடித்தாலே சுரீர் என்று இழுக்கும். இந்த பேஸ்ட்டை இரண்டு வேளையும் போட்டு, துப்பிவிட்டு, வாயை அதிகம் கொப்பளிக்காமல் விட்டு, ராத்திரி படுக்கும் முன் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் தடவிக்கொண்டு படுத்தேன். ஓரிரு வாரத்தில் மோர் பிரச்சினை இல்லை. ஐஸ் தண்ணீர் இன்னும் லேசாகத் தெரிகிறது, ஆனால் முன்பு மாதிரி முகம் சுளிக்கும் அளவுக்கு இல்லை. போடுவதை நிறுத்திப் பார்த்தால் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுகிறது.

இது மாயம் ஒன்றும் இல்லை. பல்லின் வெளி உறையான எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் ஓரிரு மைக்ரான் அகலத்தில் எண்ணிலடங்காத நுண்குழாய்கள் நரம்புப் பக்கம் ஓடுகின்றன. ஈறு இறங்கினால் அவற்றின் வாய் வெளியே திறந்துகொள்கிறது, சூடோ குளிரோ பட்டால் உள்ளிருக்கும் திரவம் அசைகிறது, அதுதான் அந்தச் சுரீர். நானோ துகள்கள் கூட்டமாகச் சேர்ந்து அந்த வாயை அடைக்கின்றன. மெடிக்கலில் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் வேறு வழியில் போகிறது, அது நரம்பையே மந்தப்படுத்தும். இரண்டையும் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் சீக்கிரம் பலன் தந்தது. உங்களுக்கு மாறலாம்.

இனிமேல் வருவதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். டப்பாவில் "உங்கள் பல்லும் இதே கனிமம்தான்" என்று போட்டிருக்கிறார்கள். பாதி உண்மை. புத்தகத்தில் இருக்கும் ஹைட்ராக்சிஅபடைட் என்பது கால்சியம் பத்து, பாஸ்பேட் ஆறு, ஹைட்ராக்சில் இரண்டு என்ற கணக்கில் அமைந்த அறுகோணப் படிகம். நம் பல்லிலும் எலும்பிலும் அந்தக் கணக்கு சுத்தமாக இருப்பதே இல்லை, கார்பனேட் உள்ளே நுழைந்திருக்கிறது. எனாமலில் எடைக்கு 3 சதவீதம் பக்கம், டென்டினில் 5 பக்கம், எலும்பில் அதற்கும் மேல். பெரும்பாலும் அது பாஸ்பேட்டின் இடத்தைப் பிடிக்கும், கொஞ்சம் ஹைட்ராக்சிலின் இடத்தையும் பிடிக்கும். பாஸ்பேட் நான்கு மூலை கொண்டது, கார்பனேட் தட்டை, மின்னூட்டமும் ஒன்று குறைவு. அந்தக் குறைவைச் சரிக்கட்டப் பக்கத்தில் ஒரு கால்சியம் விடுபடும், இல்லையென்றால் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் உட்காரும். விளைவு, படிகம் பெரிசாக வளராது, ஒழுங்கும் குலையும், அமிலத்தில் சுலபமாகக் கரையும். எலும்பில் இருக்கும் படிகங்களின் தடிமன் சில நானோமீட்டர்தான்.

எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டில் நான் இந்தப் பொடியைத் தயாரித்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு வாய். கால்சியம் நைட்ரேட் கரைசலில் அம்மோனியம் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அம்மோனியா ஊற்றி பிஎச்சை (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, எண் குறையக் குறைய அமிலம்) 10-க்கு மேல் வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் கொழகொழவென்று வெள்ளையாக இறங்கும். கார்பனேட்டை நாம் போடவே வேண்டாம். காரக் கரைசல் திறந்து கிடந்தாலே காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் 1420, 1450 பக்கம் கார்பனேட்டின் அடையாளமாக இரண்டு முகடு எட்டிப்பார்க்கும். கார்பனேட் இல்லாமல் எடுப்பதுதான் சிரமம், நைட்ரஜன் ஓடவிட வேண்டும், தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்த வேண்டும். ஆகவே "நானோ" என்று விற்கும் பொடியில் பெரும்பாலும் கொஞ்சமாவது கார்பனேட் இருக்கும். அது குறையல்ல, பல்லுக்கு இன்னும் கிட்ட வருகிறது. இத்தாலியில் துத்தநாகமும் கார்பனேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட்டை வேண்டுமென்றே தயாரித்து பேஸ்ட்டில் போட்டு ரொம்ப நாளாக விற்கிறார்கள்.

இப்போது இந்தப் பொடிக்கும் ஃபுளூரைடுக்கும் இருக்கும் உறவைப் பாருங்கள். படிகத்துக்குள் நெடுக்காக ஒரு கால்வாய் ஓடுகிறது, அதைச் சுற்றி மூன்று மூன்று கால்சியமாக முக்கோணம். ஹைட்ராக்சில் அந்த முக்கோணத்தின் நடுவில் சரியாக உட்கார முடியாமல் சற்று மேலேயோ கீழேயோ விலகி நிற்கும். ஃபுளூரைடு கொஞ்சம் சிறியது, நட்டநடுவில் உட்கார்ந்துகொள்ளும், பிடிப்பும் இறுகும். அப்படி மாறினால் அது ஃபுளூரோஅபடைட். எனாமல் பிஎச் 5.5 பக்கம் வந்தாலே கரையத் தொடங்கும், ஃபுளூரோஅபடைட் 4.5 வரை தாக்குப்பிடிக்கும். பல் மேற்பரப்பில் அமிலம் பட்டு, கார்பனேட் அதிகம் உள்ள பகுதி முதலில் கரைந்து, மறுபடி கனிமம் படியும்போது பக்கத்தில் கொஞ்சம் ஃபுளூரைடு இருந்தால் கார்பனேட் குறைந்த, ஃபுளூரைடு சேர்ந்த கெட்டியான படிகமாகப் படியும். ஃபுளூரைடு பேஸ்ட்டின் வேலையே இதுதான்.

துகள் சின்னதாக ஆக ஆக இந்த ஈர்ப்பு கூடுகிறது. நன்றாகத் தயாரித்த நானோ பொடியில் ஒரு கிராமின் மேற்பரப்பு 100 சதுர மீட்டரைத் தாண்டும், அதாவது ஏறக்குறைய அரை கிரவுண்டு மனை. அத்தனை பரப்பும் ஃபுளூரைடு ஒட்ட இடம். கார்பனேட் புகுந்து ஒழுங்கு குலைந்த படிகம் என்றால் இன்னும் சுலபம், ஒரு பக்கம் கரைந்து இன்னொரு பக்கம் ஃபுளூரைடோடு சேர்ந்து படியும். இந்தக் குணத்தை வைத்துத்தான் கென்யாவில் நகுரு பக்கம் எலும்பைக் கரியாக்கி தண்ணீரில் இருந்து ஃபுளூரைடை எடுக்கிறார்கள், எலும்புக்கரியில் பெரும்பங்கு கார்பனேட் கலந்த ஹைட்ராக்சிஅபடைட்தான். நம் ஊரில் எலும்பு என்றதும் மூக்கைச் சுளிப்பார்கள் என்பதால் அது எடுபடவில்லை.

ஆக, டியூபுக்குள் இருப்பது ஃபுளூரைடைக் கண்டால் விடாத பொடி. டியூபுக்கு வெளியே "ஃபுளூரைடு இல்லை, ஏனென்றால் அது நஞ்சு" என்று எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

உண்மையான காரணம் அவ்வளவு வீரமானது இல்லை. கால்சியமும் தனி ஃபுளூரைடும் ஒரே டியூபில் மாதக்கணக்கில் கிடந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பல்லுக்கு வந்து சேரும் ஃபுளூரைடு குறைந்துவிடும். நம் ஊர் மலிவு பேஸ்ட்டுகள் பலவற்றில் சுண்ணாம்புக்கல் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட் இருக்கும், அதனால்தான் அவற்றில் சோடியம் ஃபுளூரைடு போடாமல் மோனோஃபுளூரோபாஸ்பேட் போடுகிறார்கள், அது கால்சியத்திடம் அவ்வளவு சீக்கிரம் சிக்காது. லேபிளைத் திருப்பிப் படித்தால் தெரியும். வீட்டிலேயே பார்க்கவும் வழி இருக்கிறது: ஒரு தட்டில் இரண்டு பேஸ்ட்டையும் கொஞ்சம் பிதுக்கி எலுமிச்சைச் சாறு விடுங்கள். சுண்ணாம்புக்கல் பேஸ்ட் புஸ்ஸென்று பொங்கும். நான் வாங்கிய நானோ பேஸ்ட் பொங்கவில்லை, ஓரத்தில் மெதுவாக நீர்த்துக் கலங்கலானது, அவ்வளவுதான். சும்மா சாக்பீஸ் பொடியைப் போட்டு ஏமாற்றவில்லை என்ற அளவுக்கு அது ஒரு நல்ல அடையாளம். ஹைட்ராக்சிஅபடைட் எவ்வளவு இருக்கிறது என்பதை எலுமிச்சை சொல்லாது.

நஞ்சு என்ற பயமுறுத்தலுக்கு வருவோம். நம் நாட்டில் பேஸ்ட்டில் ஃபுளூரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரைதான் அனுமதி. பிரஷ்ஷில் ஒரு கிராம் வைத்தால் அதில் 1 மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை வயல்வேலை செய்பவர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால் 9 மில்லிகிராம், சொட்டு விடாமல் வயிற்றுக்குள். குடிநீர்த் தரத்தில் 1 மில்லிகிராம் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்று வைத்திருக்கிறார்கள். தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு பேஸ்ட்டை மட்டும் மாற்றுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்த நானூறு ரூபாயைத் தண்ணீர் டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். காவிரித் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள், வராவிட்டால் ஆர்.ஓ. வையுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

இன்னொரு கதையும் ஓடுகிறது. இந்த பேஸ்ட் உடம்பில் இருக்கும் ஃபுளூரைடை உறிஞ்சி வெளியேற்றும் என்று ஒரு விற்பனைக்காரர் என்னிடமே சொன்னார். கணக்குப் போடுங்கள். ஒரு கிராம் பேஸ்ட்டில் 10 சதவீதம் பொடி என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் 0.1 கிராம். அதில் இருக்கும் ஹைட்ராக்சில் அத்தனையும் ஃபுளூரைடாக மாறினால்கூட 4 மில்லிகிராமுக்குக் கீழே, ஆனால் அந்த அளவு காகிதத்தில் மட்டும்தான். குடிநீரில் எலும்புக்கரி மணிக்கணக்கில் கிடந்தே கிராமுக்குச் சில மில்லிகிராம்தான் பிடிக்கிறது. இரண்டு நிமிடம் தேய்த்துத் துப்புகிற பேஸ்ட் என்ன உறிஞ்சப்போகிறது? வயிற்றுக்குள் போனதை வாயில் இருந்து இழுக்கவும் முடியாது.

காவிக்கறைக்காக வாங்க நினைப்பவர்களுக்கும் இதே பதில். ஃபுளூரோசிஸ் கறை மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. குழந்தையாக இருக்கும்போது, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதிக ஃபுளூரைடு எனாமல் முதிர்வதைக் கெடுக்கிறது, உள்ளே நுண்துளைகளோடு பல் முளைக்கிறது, அப்புறம் அந்தத் துளைகளில் நிறம் ஏறுகிறது. பெரியவரான பிறகு எந்த பேஸ்ட்டைத் தேய்த்தாலும் அது மாறாது. தெரிந்த ஒருவர் இதற்காகவே இரண்டு டியூப் வாங்கினார், கறை அப்படியே இருக்கிறது, பல் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக இருக்கிறது. கறை மனசை உறுத்தினால் பல் டாக்டரிடம் போங்கள், லேசாக மேற்பரப்பைத் தேய்த்தெடுப்பது, பிளீச் செய்வது, மேலே ஒட்டுவது என்று பல்லின் நிலையைப் பார்த்து வழி சொல்வார்கள்.

சொத்தை விஷயத்தில் இந்தப் பொடியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஜப்பானில் சாங்கி என்ற கம்பெனி 1980-லேயே இதைப் போட்டு பேஸ்ட் கொண்டுவந்தது, 1993-இல் அந்த நாட்டு அரசு இதைச் சொத்தைத் தடுப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. 2023-இல் வெளியான போலந்து ஆய்வு ஒன்றில் பெரியவர்களை 18 மாதம் பார்த்து, ஃபுளூரைடு பேஸ்ட்டுக்கு இது குறைந்தது இல்லை என்று சொன்னார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் பேஸ்ட் கம்பெனி ஆட்களும் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஃபுளூரைடுக்குப் பின்னால் பல பத்தாண்டு ஆய்வுகள் நிற்கின்றன, இதற்கு இப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பாதுகாப்பா என்று கேட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2023-இல் குறிப்பிட்ட வடிவத்து நானோ துகளைப் பேஸ்ட்டில் 10 சதவீதம் வரை போடலாம் என்று சொல்லியிருக்கிறது. ஊசி மாதிரி நீண்ட துகள்களுக்கு அந்த ஒப்புதல் கிடையாது.

இங்கேதான் என் முக்கியமான புகார். நான் வாங்கிய டப்பாவில் எத்தனை சதவீதம் என்று எங்கேயும் இல்லை. துகள் என்ன வடிவம், என்ன அளவு, அதுவும் இல்லை. மெயில் போட்டுக் கேட்டேன், "எங்கள் பிரத்யேக ஃபார்முலா" என்று ஒரு வரியில் பதில். நானூறு ரூபாய் வாங்குகிறவர்கள் ஒரு எண்ணை அச்சடிக்கக் கூடாதா? நாசா, விண்வெளி வீரர் என்று படம் போட மட்டும் இடம் இருக்கிறது. மூடியும் சரியில்லை, திருகும் இடத்தில் சீக்கிரமே விரிசல் விட்டது, ஓரத்தில் பேஸ்ட் காய்ந்து கட்டி கட்டியாக நிற்கிறது.

சைவம் பார்ப்பவர்களுக்கு: டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கியதில் இருந்தது. பேஸ்ட்டுக்கான பொடியைப் பொதுவாக எலும்பில் இருந்து எடுப்பதில்லை, சுண்ணாம்பையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள்.

யாருக்கு வாங்கித் தரலாம்? எங்கள் மாதிரி ஊரில், இன்னும் துப்பத் தெரியாத சின்னக் குழந்தைக்கு இது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன், தண்ணீரிலேயே ஃபுளூரைடு கூடுதலாக இருக்கும்போது பேஸ்ட்டையும் விழுங்க வைக்க வேண்டாம். ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சம் உள்ள பெரியவர்களுக்கும் சரி. அடிக்கடி சொத்தை விழுகிறவர்கள், தண்ணீரில் ஃபுளூரைடு குறைவாக உள்ள ஊர்க்காரர்கள், முழுக்க ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஓட்டுகிறவர்கள் ஃபுளூரைடு பேஸ்ட்டை விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது காலையில் சாதாரண ஃபுளூரைடு பேஸ்ட், ராத்திரி எனக்கு மட்டும் இது, அதுவும் கூச்சம் உள்ள இடத்தில் ஒரு பொட்டு. அப்படிப் போட்டால் ஒரு டியூப் ரொம்ப நாள் வருகிறது, விலையும் அவ்வளவாக உறுத்தவில்லை. வாங்குவதானால் ஆன்லைன் தள்ளுபடியைப் பார்த்து மூன்று டியூபாக வாங்கிக் குவிக்காதீர்கள், எனக்கு அப்படி வந்த பேக்கில் ஒன்று காலாவதிக்குப் பக்கத்தில் இருந்தது. மெடிக்கலில் தேதியைப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள்.